மூளைக்கு வைத்த பொட்டு

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் வந்து விழும் என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியும். அவள் நாக்கு அப்படி. நல்லதைச் சொல்லப் புறப்பட்டாலும் பாதி வழியில் கிளை மாறி, கேட்கிறவர் முகம் சுண்டுகிற இடத்தில்தான் போய் இறங்கும். 'ஏட்டி சங்கரி, காலையில ஒரு காரியம் செஞ்சுட்டேன்' என்று தொடங்கலாம். காரியம் என்ற சொல்லுக்கே மகள் நிமிர்ந்துவிடுவாள். அவள் நிமிர்ந்து பார்த்தால் மிச்சம் தொண்டையை விட்டு வராது. 'அதுல கொஞ்சம் ஈரம் பட்டுட்டு' என்று சொல்லிப் பார்க்கலாம். எதுல, எப்படிப் பட்டது என்று கேட்பாள், அங்கே பொட்டு வந்து நிற்கும். சரி, பொட்டிலிருந்தே தொடங்கலாம் என்றால், ஈரத்துக்கு வந்து சேர்வதற்குள் அவள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, உள்ளறைக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். ஆவுடையம்மாளுக்குப் பயம் பொட்டைப் பற்றியோ ஈரத்தைப் பற்றியோகூட இல்லை. அந்தச் சுவரைப் பற்றித்தான். போன ஆடியில் சென்னையிலிருந்து வந்து படுத்த பெண், மாசி பங்குனி வரைக்கும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக் கிடந்தாள். இப்போது முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒரு கறுப்புப் பெட்டியை ஒருக்களித்துப் படுக்கப் போட்டு, அதன் வயிற்றைத் திறந்து வைத்து, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைக் கூட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மதியச் சோற்றை அங்கேயே தின்றாள். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள். ஒரு பெண் ரசம் கேட்பதெல்லாம் ஒரு சேதியா என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எட்டு மாதமாக எது வைத்தாலும் 'போதும்மா' என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டவளுக்கு அந்த ரசம் என்ன என்று தெரியும். அடுக்களை வாசலில் முறத்தைப் போட்டு உட்கார்ந்து சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள் ஆவுடையம்மாள். உரிக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. கண்ணில் நீர் வந்தால் உள்ளியின் மேல் பழியைப் போடலாம் என்பதுதான்.

காலையில் சங்கரி குளிக்கப் போன நேரம். வெள்ளிக்கிழமை. வாங்கி வந்திருந்த அட்டைப்பெட்டிகளையெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் நிறுத்தச் சொன்னார்கள், யார் தொடரச் சொன்னார்கள்? கிரைண்டர் வாங்கினால் அட்டைக்கா பொட்டு வைக்கிறோம், கிரைண்டருக்குத்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. எல்லாவற்றிலும் சின்னப் பெட்டி எதுவோ அதுதான் மூளை என்று சங்கரி சொல்லியிருந்தாள். மூளைக்கு வைத்தால் எல்லாவற்றுக்கும் வைத்த மாதிரி. பிரித்தாள். உள்ளே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஒரு சதுரம், பெரிய பிஸ்கட் அளவுகூட இல்லை. ஒரு பக்கம் வெள்ளித் தகடு மாதிரி, அதில் இங்கிலீஷ் எழுத்து. எழுத்தின் மேல் வைக்கக் கூடாது, எழுத்து சரஸ்வதி. திருப்பினாள். மறுபக்கம் முழுக்கப் பொன்னிறப் புள்ளிகள், நெருக்கி நெருக்கி, மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்து இன்னும் இழை போடாத மாதிரி. அதுதான் முகம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பொன் இருக்கிற பக்கம்தானே முகமாக இருக்கும்? மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு நடுவில் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். அழகாகத்தான் இருந்தது. அப்போது குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம். சத்தம் கேட்டதும் உடம்பு என்னவோ திருடியதுபோல் பதறியது. முன்பு ஒரு தீபாவளிக்குச் சங்கரி வந்தபோது அவள் ஆபீஸ் லேப்டாப்பில் பொட்டு வைத்துவிட்டு மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. 'இதுல எல்லாம் வைக்காதேன்னு எத்தனை மட்டம் சொல்ல?' அவசரத்தில் முந்தானை நுனியால் துடைத்தாள். போகவில்லை, சிவப்பாக இழுபட்டது. நுனியைப் பஞ்சபாத்திரத் தண்ணீரில் நனைத்து மறுபடியும் துடைத்தாள். மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். துடைத்தாள்தான். நன்றாகத் துடைத்தாளா? கண்ணாடி போட்டிருக்கவில்லையே. ஓரத்துப் புள்ளிகளுக்கு இடையில் சிவப்பாக ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

தெரியாமல் செய்தது தெரியாததாகவே போயிருந்தால் இந்த நடுக்கம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சங்கரியே கூப்பிட்டுக் காட்டினாள். "யம்மா, இங்க வா, இதைப் பாரு." எதையும் எடுக்குமுன் அவள் சன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள், கோயிலில் படியைத் தொட்டுக்கொள்வதுபோல. எதற்கு என்று கேட்டால், "நம்ம உடம்புல கொஞ்சம் கரண்டு இருக்கும்மா. அது பட்டாலே இதெல்லாம் செத்துரும். இரும்பைத் தொட்டா இறங்கிரும்" என்றாள். ஆவுடையம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். தான் எந்த இரும்பையும் தொடவில்லை. தன் உடம்பில் என்னென்ன இருந்ததோ. அப்புறம் எல்லாம் உட்காருகிற பச்சைப் பலகையைக் காட்டினாள். அதன் நடுவில் ஒரு சதுரக் குழி, அதில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள், மயிரைவிட மெல்லியவை. "இந்த ஒவ்வொரு ஊசியும் மூளையில இருக்கிற ஒவ்வொரு பொன் புள்ளியையும் தொடணும். ஒண்ணு தொடாட்டாலும் எந்திரிக்காது. கை எண்ணெய் பட்டாலே ஆகாதும்பாங்க." இவள் 'அப்படியா' என்றாள். அந்த அப்படியாவுக்குப் பதிலாக அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்துதான் இருந்தது, வந்தது அப்படியா. சங்கரி சதுரத்தை ஓரம் பிடித்து எடுத்து, திருப்பிப் பார்க்காமல், குழிக்குள் பூப்போல வைத்து, பக்கத்துக் கம்பியை அழுத்தி மாட்டினாள். நறநறவென்று ஒரு சத்தம். "ஐயோ" என்றாள் ஆவுடையம்மாள். "பயப்படாதே, இப்படித்தான் சத்தம் வரும், எனக்கும் பக்குனுதான் இருக்கு" என்று சொல்லி மகள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்ல?

நெல்லையில் கடைக்காரர் சொன்னது வேறு காதுக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது. பெட்டியையும் பலகையையும் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சங்கரி பிடிவாதம் பிடிக்க, இரண்டு பேரும் சங்கரன்கோவிலில் பஸ் ஏறிப் போனார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் வாசல் தாண்டிய நாள் அது. பஸ்ஸில் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். கடையில் போய் நின்றதும் ஆளே வேறு. எந்த மூளைக்கு எந்தப் பலகை பொருந்தும், எந்தப் பலகைக்கு எந்த நினைவுத் துண்டு சேரும், எல்லாவற்றுக்கும் தீனி போட எவ்வளவு பெரிய கரண்டுப் பெட்டி வேண்டும் என்று மாதக்கணக்காகப் படுத்துக்கொண்டே போனில் பார்த்து வைத்திருக்கிறாள். சுவரைப் பார்த்துக் கிடந்தவள் கையில் போனும் இருந்தது, அதில் இதுவும் ஓடியது என்பது ஆவுடையம்மாளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஜாதகம் பார்க்கிறவனே தோற்கிற மாதிரி, இதுக்கு இது ஆகாது, இது சேர்ந்தா சூடு ஜாஸ்தி, இதுக்கு இடுப்பு அகலம் பத்தாது என்று அவள் அடுக்க அடுக்கக் கடைக்காரர் வாயைப் பிளந்தார். பெட்டி வெள்ளையா கறுப்பா என்று மட்டும் இவளைக் கேட்டாள். "வெள்ளைன்னா அழுக்குத் தெரியும்" என்றாள் இவள். கறுப்பு எடுத்தார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு வந்ததில் இவளுக்கு ஊர் திரும்பும் வரை தலைகால் புரியவில்லை. புறப்படும்போது கடைக்காரர் கேட்டார்: "நாங்களே மாட்டித் தந்துருதோம் பாப்பா, எதுக்குக் கஷ்டம்?" "வேண்டாம் அண்ணாச்சி, நானே மாட்டிக்கிடுதேன்." உடனே அவர் இவள் பக்கம் திரும்பி, "யம்மா, நீங்களாவது சொல்லுங்க. ஒரு ஊசி வளைஞ்சாலோ, ஈரம் கீரம் பட்டாலோ திருப்பிக் கொண்டாராதீங்க. நாங்களும் எடுக்க மாட்டோம், கம்பெனிக்காரனும் எடுக்க மாட்டான்" என்றார். ஈரம் கீரம். வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? அந்த வாயில் அந்தச் சொல் அன்றைக்கே வந்து உட்கார்ந்திருக்கிறதே.

பொட்டு வைக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்டால், அதற்குப் பதில் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி மில்லுக்குப் போன நாளிலிருந்து தொடங்க வேண்டும். நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் ஆயுத பூசை வந்தால் மிசினுக்குப் பொட்டு வைக்க ஆவுடையைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கை ராசியான கை. அவள் பொட்டு வைத்த வரிசையில் நூல் அறாது என்று மேஸ்திரி சொல்வார். அது நிஜமோ, ஒரு சின்னப் பெண்ணை வேலை வாங்கச் சொன்னதோ, அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. பொரியும் அவலும் ஒரு பக்கம், சந்தனக் கிண்ணம் ஒரு பக்கம் என்று தாம்பாளத்தோடு வரிசை வரிசையாக நடப்பாள். எண்ணெய் வாசனையும் சந்தன வாசனையும் கலந்த அந்த மணம் வேறெங்கும் கிடையாது. கல்யாணமாகி, சங்கரி பிறந்து, மறுபடி மில்லுக்குப் போனபோதும் அவள்தான். பிறகு அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். தறிக்குப் பாவு நூல் ஏற்றிக்கொண்டு போன வண்டி, கழுகுமலை ரோட்டில் விபத்து. அந்த வருஷ ஆயுத பூசைக்கும் அவள் வேலைக்குப் போனாள், குளித்து முடித்து, வழக்கம்போல முன்னால் போய் நின்றாள்.  மேஸ்திரி சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட வேலை பார்த்த ஒருத்தி மெதுவாகத் தாம்பாளத்தை எடுத்து, "நீ பொரியைப் பங்கு வை ஆவுடை" என்றாள். கனிவாகத்தான் சொன்னாள். கடுமையாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பொரியைப் பங்கு வைத்தாள். அதற்குப் பிறகு சாமி படத்துக்கு வைப்பாள், வாசல் நிலைக்கு வைப்பாள், அதெல்லாம் வீட்டுக்குள். புதிதாக ஒன்று தொடங்கும்போது, ஓட வேண்டிய ஒன்றுக்கு, உயிர் வர வேண்டிய ஒன்றுக்கு வைத்ததில்லை. லேப்டாப்புக்கு வைத்தாளே, அது? அது ஓடிக்கொண்டிருந்த சாமான். ஓடிக்கொண்டிருந்ததுதானே நின்றது? அந்தப் பொட்டு வைத்த மறு வருஷம்தானே மகள் வேலையை விட்டுவிட்டு வந்து விழுந்தாள்? இந்த இடத்துக்கு வந்ததும் ஆவுடையம்மாள் மனசை வேறு பக்கம் இழுத்தாள். வரவில்லை. உரித்த தோலோடு சேர்த்து நல்ல உள்ளியையும் குப்பையில் போட்டிருந்தாள். குனிந்து பொறுக்கினாள். ஈரம் காய்ந்திருக்கும். காலையில் பட்டது மதியத்துக்குள் காயாதா, சித்திரை வெயிலில் சேலையே காய்கிறது. ஈரம் காயும். கை காயுமா?

"என்னட்டி ஆவுடை, வீட்டுக்குள்ள டிரான்ஸ்பார்மர் வைக்கியா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுப் பாக்கியம் உறை மோருக்குக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். பாயில் பரந்து கிடந்த ஒயர்களைத் தாண்டுவதற்குச் சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டாள். "கடையில இது முழுசாக் கிடைக்காதா மக்கா?" "கிடைக்கும் பெரியம்மா. முழுசா வாங்குனா உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்லா." "உள்ள என்ன இருந்தா நமக்கென்ன? நான் எங்க வீட்டு மனுஷரை முழுசாத்தான் வாங்குனேன், உள்ள என்ன இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஓடலையா?" சங்கரிக்குச் சிரிப்பு வந்தது. தலையைக் குனிந்துகொண்டே சிரித்தாள். பாக்கியமும் பெருமையோடு அடுக்களைப் பக்கம் வந்து, குரலைத் தணித்து, "பரவால்லட்டி, முகம் தெளிஞ்சிருக்கு" என்றாள். அதோடு போயிருக்கலாம். மோர்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "பார்த்துச் செய்யச் சொல்லு. எங்க கொழுந்தன் வீட்டுல பிரிட்ஜுக்கு அடியில தண்ணி நின்னு, பிளக்கைப் போட்டவ கை மூணு நாளு மரத்துப்போய்க் கிடந்துச்சு. புகைன்னா புகை, அப்படிப் புகை" என்று சொல்லிவிட்டுப் போனாள். புகை ஆவுடையம்மாளின் மூக்கிலேயே வந்துவிட்டது. கறுப்புப் பெட்டியிலிருந்து மெல்லிசாக ஒரு இழை எழும்புகிறது, சங்கரி அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், பிறகு எழுந்து உள்ளே போகிறாள், கட்டில் கிரீச்சிடுகிறது. அந்தக் கிரீச்சு வரைக்கும் கேட்டது.

"யம்மா, இதையும் பாரு." மகள் ஊசி போடுகிற குழல் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, குழியில் பதிந்திருந்த சதுரத்தின் மேல், வெள்ளித் தகடு பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஏதோ பசையை நடுவில் ஒரு பயறு அளவுக்கு வைத்தாள். நடுவில். வட்டமாக. ஆவுடையம்மாள் இமைக்காமல் பார்த்தாள். "அது என்னத்துக்கு?" "சூடு தணிக்க. இதுக்கு மேலதான் காத்தாடி உக்காரும். இந்தப் பசை இல்லாட்டா மூளை வெந்துரும்." சந்தனமும் சூடு தணிக்கத்தானே வைப்பது? வைக்கலாமாம், வைத்தே ஆக வேண்டுமாம், அதுவும் நடு நெற்றியில், பக்கம்தான் மாறிப்போயிற்று. எழுத்து இருக்கிற பக்கம் வைத்திருந்தால் மகள் துடைத்துவிட்டுப் போயிருப்பாள். சரஸ்வதியை மிதிக்கக் கூடாது என்று பார்த்தது இப்படி ஆயிற்று. இப்போது சொல்லலாம். 'நானும் இது மாதிரி ஒண்ணு வச்சேன் மக்கா' என்று விளையாட்டுப்போல இந்தப் பசையைப் பிடித்துக்கொண்டே இறங்கலாம். நல்ல வாக்கியமாகத்தான் இருந்தது. மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தரம் சொல்லும்போது 'நானும்' என்ற சொல் பெரிதாகிவிட்டது, 'மக்கா' உள்ளே போய்விட்டது. அதற்குள் காத்தாடி உட்கார்ந்துவிட்டது. நான்கு மூலையிலும் திருகாணி ஏறியது. அடியில் பொன், அதன் மேல் சதுரம், அதன் மேல் பசை, அதன் மேல் இரும்பு. கிணற்றுக்குள் கல்லைப் போட்டு மேலே பாறையையும் உருட்டிய மாதிரி. இனி சொன்னால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். முதலிலேயே சொல்லாதவள் கழற்ற வைக்கிற நேரத்திலா சொல்வது? இன்னும் கொஞ்சம் போனால் இன்னும் கழற்ற வேண்டியிருக்கும். நேரம் போகப் போகச் சொல்வதன் விலை ஏறிக்கொண்டே போனது, ஆடித் தள்ளுபடி என்று ஒன்று இதற்கு வராதா என்று நினைத்தவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

ஒயர்கள் ஒவ்வொன்றாக மாட்டப்பட்டன. 'கிளிக்' என்று ஒவ்வொன்றும் உட்காரும்போது ஆவுடையம்மாளின் தோள் ஒரு தரம் தூக்கிப் போட்டது. சங்கரி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டாள், பாட்டா கணக்கா தெரியவில்லை. பெட்டியை நிமிர்த்தி மேசையில் வைத்தாள். பழைய துணியால் துடைத்தாள். திரையை அதன் பக்கத்தில் நகர்த்தி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டுமுன்னேயே வீடு எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. இந்தப் பெட்டி ஓடினால் வீட்டிலிருந்தே செய்யலாம், கூடப் படித்த ஒருத்தி வேலை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஓடினால். அந்தச் சொல்லை ஆவுடையம்மாள் விழுங்கினாள். "யம்மா, போடப் போறேன்." கை பிளக்கை எடுத்துவிட்டது. ஆவுடையம்மாள் எழுந்தாள். முறம் கவிழ்ந்தது. சொல்லத்தான் எழுந்தாள், சத்தியமாகச் சொல்லத்தான். ஆனால் கால் மகள் பக்கம் போகாமல் வாசல் கதவுக்குப் பின்னால் போனது. அங்கே பழைய இரும்பு மெயின் பெட்டி. கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். மின்விசிறி மெதுவாகி, இன்னும் மெதுவாகி, கடைசிச் சுற்றை மனசில்லாமல் சுற்றி நின்றது.

"கரண்டு போயிட்டு" என்றாள் சங்கரி. பிளக்கைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல், வந்து வாசல்படியில் அம்மா நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்து, முகம் தெருவைப் பார்க்க. ஆவுடையம்மாள் கதவோரம் ஒட்டி நின்றாள். புழுக்கம் ஏறியது. ஏறட்டும், கரண்டு வராமலே இருக்கட்டும், இப்படியே ராத்திரி வரை, வருஷம் வரை என்று வேண்டிக்கொண்டாள். "ஒரு விதத்துல நல்லதுதாம்மா" என்றாள் மகள். "எனக்கும் கை வரலை. போட்டு ஓடாட்டா என்ன செய்யன்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்." "ஏன் ஓடாது?" என்று கேட்டது ஆவுடையம்மாளின் வாய், வெட்கமில்லாமல். "ஓடாட்டா நான்தான் தப்பா மாட்டியிருப்பேன். வேற யாரு? நான் ஒருத்திதான தொட்டேன்." கொஞ்ச நேரம் தெருவில் போன சைக்கிளைப் பார்த்தாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, இதுவரை சொல்லாததைச் சொன்னாள். "ஆபீஸ்ல ஒரு படத்துல அளவு தப்பாப் போச்சு. படிக்கட்டு. அந்த அளவுலேயே கட்டிட்டாங்க, அப்புறம் இடிச்சாங்க. நான் போட்ட அளவு இல்லைம்மா அது. கடைசியா அந்தப் படத்தைத் திறந்தது நானு, அவ்வளவுதான். மாத்துனவருக்குத் தெரியும், அவரு மாத்துனாருன்னு. என் பக்கத்துச் சீட்டுதான். தினமும் என் கூட உக்காந்துதான் சாப்பிடுவாரு. ஒரு வார்த்தை சொல்லலை. எல்லாரும் கேட்டாங்க, கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துட்டு. நான்தான் மாத்துனேனோ, மாத்திட்டு மறந்துட்டேனோன்னு. இப்பவும் தெரியலை. என் கையை எனக்கே நம்ப முடியலை. அதான் இதை யாரையும் தொட விடாம நானே செஞ்சேன். இதுவும் போச்சுன்னா தெரிஞ்சுரும்லா, கையிலதான் கோளாறுன்னு."

ஆவுடையம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கையிலதான் கோளாறு. அந்தப் பேச்சு அவளுடையது. எப்போது மகளிடம் போனது, யார் கொடுத்தார்கள்? தாம்பாளத்தை மாற்றி எடுத்தவளின் கனிந்த முகம் தெரிந்தது, சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த மேஸ்திரி தெரிந்தார், மகளோடு உட்கார்ந்து வாய் திறக்காமல் சோறு தின்ற முகம் தெரியாத ஒருவன் தெரிந்தான். அவன் சட்டை மட்டும் தெரிந்தது, உற்றுப் பார்த்தால் அது சட்டை இல்லை, ஈரமான முந்தானை நுனி. சொல்லுவதற்கு எடுத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவில் இல்லை. "நீ ஒருத்தி மட்டும் தொடலை" என்றாள். குரல் கோபமாக வந்தது, கோபமே இல்லாமல். "நானும் தொட்டேன். மூளைக்குப் பொட்டு வச்சேன். பொன் பக்கத்துல. அப்புறம் தண்ணி தொட்டுத் துடைச்சேன். காலையில நீ குளிக்கையில. கண்ணாடிகூடப் போடலை. அது ஓடாட்டா அது நான்தான், நீ இல்லை, கேட்டுக்கோ, நீ இல்லை. கரண்டும் போகலை, மெயினை நான்தான் இறக்குனேன்." எல்லாம் தலைகீழாக, ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தது. சங்கரி திரும்பிப் பார்த்தாள்.  "மெயினை இறக்குனது தெரியும். பெரியம்மா வீட்டுல மிக்சி ஓடுதே" என்றாள். பிறகு, "பொன் பக்கத்துலயா?" என்றாள். "ஆமா." "தண்ணி தொட்டா?" "ஆமா." "யம்மா, யம்மா" என்று நெற்றியில் அறைந்துகொண்டு எழுந்தாள். எந்தப் பக்கம் போகிறாள் என்று ஆவுடையம்மாள் பார்த்தாள். உள்ளறைப் பக்கம் போகவில்லை. மேசைக்குப் போனாள். "திருப்புளியை எடு. உன் கண்ணாடியையும் போட்டுக்கிட்டு வா."

எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஆவுடையம்மாள் போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். வெளிச்சம் பலகை முழுக்க அலைந்தது. "ஆட்டாதம்மா." "நான் ஆட்டலை, அதுவா ஆடுது." காத்தாடி வந்தது, பசை இழுபட்டுக்கொண்டு வந்தது, கம்பி தூக்கியது, சதுரம் வெளியே வந்தது. சங்கரி திருப்பினாள். ஓரத்தில், பொன் புள்ளிகளுக்கு நடுவில், கடுகில் பாதி அளவுக்குச் சிவப்பு, அதைச் சுற்றி வெளிறிய சந்தன வரி. இருந்தது. இருந்தே இருந்தது.  ஆவுடையம்மாளுக்குள் என்னவோ ஒரு கட்டு அவிழ்ந்தது. "இதோட போட்டிருந்தா?" "எந்திரிச்சிருக்காது" என்றாள் மகள், பல்லிடுக்கில் திருப்புளியை வைத்துக்கொண்டு. "நான் ஊசியை வளைச்சுட்டேன்னு நினைச்சு அழுதிருப்பேன்." பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொரு வரிசையாகத் துடைத்தாள். குழிக்குள் ஊசிகளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், ஒன்றும் வளையவில்லை, ஈரமும் இல்லை. மறுபடி வைத்தாள், மறுபடி பசை, மறுபடி காத்தாடி. திட்டிக்கொண்டேதான் செய்தாள். "இனிமே எதுக்காவது வைக்கணும்னா என்னைக் கேளு. நான் எந்தப் பக்கம்னு சொல்லுதேன்." திட்டுக்கு நடுவில் அந்த வாக்கியமும் வந்தது. ஆவுடையம்மாள் அதைக் கேட்காததுபோல வெளிச்சத்தை நேராகப் பிடித்தாள். 

"சரி, மெயினை ஏத்து" என்றாள் சங்கரி, சுவிட்ச் பக்கத்தில் நின்று. ஆவுடையம்மாள் நேரே போகவில்லை. அடுக்களையிலிருந்து மணைப்பலகையைக் கொண்டுவந்து மகள் காலடியில் போட்டு, "அதுல ஏறி நில்லு" என்றாள். "எதுக்கும்மா?" "ஏறு." ஏறினாள். குளியலறை ரப்பர் செருப்பை எடுத்துத் தன் காலில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் செருப்போடு நடந்து, சாமி படத்தைப் பார்க்காமல் தாண்டி, கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். கைப்பிடியை மேலே தள்ளினாள். மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. "கையை எடுத்துட்டு வா, நீயும் பாரு" என்றாள் சங்கரி. "நீ போடு." பிளக் போனது, ஒரு விரல் போனது, ஒரு சின்னச் சத்தம், பிறகு காத்தாடி ஒன்று காற்றை இழுக்கிற ஓசை, அடங்கி, மறுபடி எழுந்து, ஒரே சீராக நின்றது. ஆவுடையம்மாள் மூக்கை உயர்த்தி முகர்ந்தாள். உள்ளி வாசனைதான் வந்தது. மகளின் முகத்தில் நீலமாக ஏதோ விழுந்தது. "யம்மா, எந்திரிச்சுட்டு! வந்து பாரேன்!" "இங்கனயிருந்தே தெரியுது" என்றாள் ஆவுடையம்மாள். வெளிச்சம் நீலத்திலிருந்து வெள்ளையானது. மகள் மறுபடி கூப்பிட்டாள். பாக்கியமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னவென்று கேட்டாள். யாருக்கும் பதில் சொல்லாமல், ரப்பர் செருப்புக் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, புகை என்று ஒரு நூலிழை தெரிந்தாலும் அந்த நொடியே இழுத்துவிடுகிற மாதிரி, இரும்புக் கைப்பிடியின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை.